மதர்போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. என் கணினியில் இருப்பது ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. தம்பியோடு கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேம் ஆடும்போது புகைக்குண்டு விழுந்து நாலு பேர் மோதினால் போதும், நொடிக்கு 140 ஃப்ரேம் என்பது 60-க்கு இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கார்டு பாதி வேலைதான் செய்கிறது. தடை பிராசசரில்தான் என்று நினைக்கிறேன்.

பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து இதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி போடலாமா? அதில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருக்கிறது. இல்லை, ரைசன் 5 7600-க்குப் போகலாமா? அப்படியென்றால் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டு, டிடிஆர்5 ராம் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். என் மனம் முதல் வழிப்பக்கம்தான். பி450-இல் 5700எக்ஸ்3டி ஓட்டுபவர்கள், எந்த கூலர் போட்டீர்கள், சூடு எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லுங்களேன்.