672 சட்டம் இல்லாததால்தான் பினாங்கில் லோரி லோரியாகக் குப்பை கொட்டுகிறார்களாம்!

ஜெலுத்தோங்_ஜீவா: 672 என்ற திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டத்தைப் பற்றி செந்தூல்_சிங்கம் நேற்று தீர்ப்பே எழுதிவிட்டார்: "672-ஐ ஏற்காத மாநிலத்தில் லோரிக்காரன் இஷ்டத்துக்குக் கொட்டுவான்." அதை ஏற்ற கோலாலம்பூரில் கொட்டுபவன் என்ன, சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறானா?

செந்தூல்_சிங்கம்: 10,000 வெள்ளி (ரிங்கிட்). அபராதம் என்று வந்தால் இங்கே கோலாலம்பூரில் அதற்குக் கீழே இறங்காது. மேலே 100,000 வரை போகும், ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. 171 (ஊராட்சிச் சட்டம்), 133 (சாலை, வடிகால், கட்டடச் சட்டம்) இரண்டையும் வைத்துக்கொண்டு உங்கள் பினாங்கு மாநகர் மன்றம் என்ன கிழிக்கும்?

ஜெலுத்தோங்_ஜீவா: அபராதம் வந்தால்! எப்படி வரும்? லோரி எண், தொட்டி தூக்கிக் கொட்டும் காட்சி, ஓட்டியவன் யார் என்பது, மூன்றும் கையில் வேண்டும். எண் பலகையில் சேறு பூசியிருக்கும். எண் கிடைத்தாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் இருப்பவர், "வண்டியை வாடகைக்கு விட்டேன்" என்பார். வாடகைக்கு எடுத்தவன் துணைக் குத்தகைக்காரனைக் காட்டுவான். அவனுக்கு நடைக்கு இவ்வளவு என்று ரொக்கம், ரசீதே கிடையாது. வீட்டை உடைத்துக் கட்டியவர், "கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்தாச்சு" என்று கையைத் துடைத்துக்கொள்வார். இதில் உங்கள் 10,000 யார் தலையில் விழும்?

செந்தூல்_சிங்கம்: 10,000 குறைந்தபட்சம். பதில் வரவில்லை.

கூலிம்_கணேஷ்: கெடாவும் 672 மாநிலம்தான் பாஸ். லோரி எல்லை தாண்டினால் சட்டம்தான் மாறுது, லோரி மாறல.

ஜெலுத்தோங்_ஜீவா: கேளுங்க! ஜொகூரும் 672 மாநிலம்தானே? 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனத்தைக் கொட்டி, பள்ளிகளையே மூட வேண்டி வந்ததே. அன்றைக்கு 672 தூங்கிவிட்டதா?

டிரம்_மூடி: இருவரும் முதலில் எந்தக் கழிவைப் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கிம் கிம்மில் போனது அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு. அது 672-க்குள்ளேயே வராது. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம், அதாவது 127. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதைப் பிடிப்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறைதான். தொழிற்சாலை அதிகபட்சம் 180 நாள் அல்லது 20 டன் வரைதான் வைத்திருக்கலாம். அதற்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் டிரம்கள் ராத்திரியில் செம்பனைத் தோட்டத்துக்குப் போகின்றன. டிரம்மில் இருக்கும் கழிவுக் குறியீடு எஸ்டபிள்யூ 305 என்றால் கழிவு எண்ணெய், 409 என்றால் ரசாயனம் பட்ட காலிக் கலன். ஒட்டுச்சீட்டைப் படமெடுங்கள், கலனைத் தொடாதீர்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு 127-இன் உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளி.

செந்தூல்_சிங்கம்: டிரம் அண்ணே, பாடம் அருமை. நான் கேட்டது கட்டடக் குப்பை. 10,000.

ஜெலுத்தோங்_ஜீவா: பத்தாயிரம், பத்தாயிரம்! ஏலமா விடுகிறீர்கள்? ஒன்று சொல்கிறேன். கொட்டுவது பெரும்பாலும் கேட்பாரற்ற தனியார் நிலத்தில். உரிமையாளரைப் பிடிக்க நில அலுவலகம் வேண்டும், தேசிய நிலச் சட்டம் வேண்டும். இங்கே நில அலுவலகமும் மாநகர் மன்றமும் ஒரே மாநில அரசின் கீழ். உங்கள் ஊரில் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) எஸ்டபிள்யூ கார்ப்பை (மத்திய அரசின் திடக்கழிவுக் கழகம்) காட்டும், எஸ்டபிள்யூ கார்ப் நில அலுவலகத்தைக் காட்டும். புகார் பந்து மாதிரி உருண்டுகொண்டிருக்கும்.

செந்தூல்_சிங்கம்: ஒரே அரசாம்! 2022-இல் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்து ஊரே மூச்சு முட்டியபோது அந்த ஒரே அரசு எங்கே இருந்தது? உங்கள் புனைபெயரிலேயே புகை வருது.

ஜெலுத்தோங்_ஜீவா: எங்கள் குப்பை எங்கள் மண்ணிலாவது எரிந்தது. கோலாலம்பூர் குப்பையை தாமான் பெரிங்கின் மாற்று நிலையத்தில் அமுக்கி, சிலாங்கூரின் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, "நாங்கள் சுத்தம்" என்று மீசை முறுக்குகிறார் ஐயா. போன மாதம் வெள்ள விவாதத்திலும் இதே மீசைதான்.

செந்தூல்_சிங்கம்: வெள்ளத்தை இழுக்காதீங்க. அதிலும் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள்தான்.

கூலிம்_கணேஷ்: 2026 ஜனவரியிலிருந்து குப்பை போட்டால் 12 மணி நேரம் வரை சமூகச் சேவை என்கிறார்களே, லோரிக்காரனுக்கும் உண்டா?

டிரம்_மூடி: அது சிகரெட் துண்டு, போத்தல் போடுபவனுக்கு. 133, 171, 672 மூன்றையுமே திருத்தினார்கள், அதனால் பினாங்கிலும் உண்டு. ரோரோ தொட்டிக் (லோரியில் ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி) குப்பையைக் கொட்டுபவனுக்கு விளக்குமாறு கொடுத்து அனுப்ப முடியாது.

செந்தூல்_சிங்கம்: பார்த்தீர்களா, லோரி என்று வந்தால் கடைசியில் 10,000-தான் நிற்கிறது.

ஜெலுத்தோங்_ஜீவா: நிற்கிறது, காகிதத்தில். வண்டியையே பறிமுதல் செய்தால்தான் முதலாளி ஓடி வருவான். இரண்டு வாரம் லோரி முடங்கினால் அவனுக்கு அபராதத்தைவிட நஷ்டம். 672-இல் அந்த அதிகாரம் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? புத்தகத்தில் உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்.

செந்தூல்_சிங்கம்: ஆக 672 நல்ல சட்டம் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி, வணக்கம்.

ஜெலுத்தோங்_ஜீவா: அதிகாரம் நல்லது, அதோடு வரும் 22 ஆண்டுக் குப்பை அள்ளும் குத்தகை யாருக்கு நல்லது? உங்கள் ஊர்க் குப்பை அள்ளும் நிறுவனமான அலாம் ஃபுளோரா கணக்கைப் பேசலாமா?

செந்தூல்_சிங்கம்: தனி இழை திறங்க. வருகிறேன்.

டிரம்_மூடி: அங்கேயாவது எந்தக் கழிவு என்று முதல் வரியில் எழுதுங்கள்.