கொல்லையில் படம் போட ஏற்பாடு: ஸ்பீக்கரில் இரைச்சல், ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் சுர்ருங்குது. வழி சொல்லுங்க

கொல்லைக்கிணறு:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் வைகாசியில எங்க அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். சடங்கு காலையில கோயில்லயே முடிஞ்சிடும். சாயங்காலம் கும்பகோணம் பக்கம் எங்க ஊர் வீட்டுக் கொல்லையில, சொந்தக்காரங்க மட்டும் ஒரு நாப்பது பேர் உட்கார்ந்து பழைய போட்டோ, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் பெரிய திரையில பார்க்கணும்னு ஆசை. கடைசியா ஒண்ணு வச்சிருக்கேன். அப்பாவைப் பெத்த அப்பாயி பாடின தாலாட்டு. 1986ல அத்தை டேப் ரெக்கார்டர்ல பிடிச்சு வச்சது, ஏழு நிமிஷம் வரும். அந்தக் கேசட் இன்னும் இருக்குன்னே அப்பாவுக்குத் தெரியாது.

கொல்லை 40 அடி நீளம், 25 அடி அகலம். ஒரு ஓரத்துல கிணறு, நடுவுல மாமரம். கையில இருக்குறது: 3600 ஆன்சி லூமென் புரொஜெக்டர், சித்தப்பா குடுத்த ஆம்ப்ளிஃபயர், உயரமான ரெண்டு ஸ்பீக்கர், லேப்டாப், சீரியல் பல்பு. போன ஞாயிறு ஒரு ஒத்திகை பார்த்தேன். எதுவுமே சரியா வரல.

ஸ்பீக்கர்ல விடாம "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல், அப்பாயி குரலுக்கு அடியில அதுதான் கேக்குது. செருப்பில்லாம ஈரமண்ணுல நின்னு ஆம்ப்ளிஃபயர் பாடியைத் தொட்டா சுர்ருங்குது. ஆறரைக்குப் போட்ட படம் வெளுத்துப்போய்க் கிடந்துச்சு. பின்னாடி உட்கார்ந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை கேக்கல, ஆனா பக்கத்து வீட்டுல சத்தம் அதிகம்னு சொல்லிட்டாங்க. அங்க படுக்கையில ஒரு பாட்டி இருக்காங்க, அவங்களைத் தொந்தரவு பண்றதுல எனக்கு விருப்பமே இல்ல. எதுலேருந்து ஆரம்பிக்கிறது?

கரன்ட்கம்பி:
தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். அந்த "சுர்"தான் முதல்ல. சரி பண்ற வரைக்கும் அந்தப் பாயின்ட்டுல எதையும் சொருகாதீங்க. அன்னைக்குச் சின்னப் பிள்ளைங்க வெறுங்காலோட அங்கதான் ஓடும்.

கொல்லையில இருக்குற பிளக் பாயின்ட்டுக்கு எர்த் (கசியுற கரன்ட்டைத் தரைக்கு இறக்குற வயர்) வருதான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்க. பழைய வீடுகள்ல மோட்டாருக்குன்னு பின்பக்கம் ரெண்டு வயரை மட்டும் இழுத்து, மூணு துளை பாயின்ட்டை மாட்டி விட்டிருப்பாங்க. எர்த் இல்லாதப்ப, புரொஜெக்டர், லேப்டாப் சார்ஜர் மாதிரி சாமான்களுக்குள்ள இருக்குற ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக் கொஞ்சம் கரன்ட் பாடிக்கு வரும். மீட்டர்ல வச்சா 230ல பாதி, 110 கிட்ட காட்டும். ஆள விழுத்தாட்டுற அளவு கரன்ட் அதுல இருக்காது. ஆனா உங்களுக்கு வர்றது அந்தச் சின்னக் கசிவா, உள்ள வயர் உரசி வர்ற நிஜ லீக்கேஜான்னு கையால தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஆபத்துன்னே வச்சுக்குங்க.

இன்னொண்ணு, இதைக் கட்டாயம் கவனிங்க. எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரன்ட் திரும்பிப் போற வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால லூப் போட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. அப்போதைக்கு சுர் நின்னுடும். ஆனா என்னைக்காவது வழியில நியூட்ரல் அறுந்துச்சுன்னா சாமானோட பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும். லூப் போடவே விடாதீங்க. வீட்டு எர்த்திலிருந்து தனி பச்சை வயர் வரணும். அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஒண்ணும் போடச் சொல்லுங்க.

வெள்ளைத்திரை:
தம்பி, படத்தைப் பத்தி நான் சொல்றேன். எங்க வீட்டு மாடியில நாலு வருஷமாப் போடுறோம்.

ஆறரைக்கு எந்த புரொஜெக்டர் போட்டாலும் வெளுக்கத்தான் செய்யும். புரொஜெக்டரால கருப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கருப்பு. வானத்து வெளிச்சம் திரையில விழுந்தா அந்தக் கருப்பு சாம்பலாயிடும். வைகாசியில உங்க பக்கம் சூரியன் மறையவே ஆறரை தாண்டிடும், ஏழே காலுக்கு மேல ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி பலகாரம், காபி, பேச்சுன்னு வச்சுக்கலாம். திரையை மேற்கு ஓரத்துல கிழக்கே பார்த்து நிறுத்துனா மேற்கு வானத்தோட மிச்ச வெளிச்சம் அதும்மேல படாது.

அளவு மூலைக்கு மூலை 120 அங்குலம் போதும், நாப்பது பேருக்குத் தாராளம். அகலம் 8 அடி 9 அங்குலம் வரும், உயரம் கிட்டத்தட்ட 5 அடி. புரொஜெக்டர் பெட்டியில "த்ரோ ரேஷியோ"ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். 1.5ன்னா அகலத்தை 1.5ஆல பெருக்குங்க, 13 அடி தள்ளி வைக்கணும். முதல்ல இதைக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் நாற்காலியைப் போடுங்க. இல்லேன்னா வரிசைக்கு நடுவுல புரொஜெக்டர் வந்து நிக்கும், போறவங்க வர்றவங்க நிழலெல்லாம் திரையில விழும்.

திரைக்கு வேட்டி கட்டாதீங்க, பாதி வெளிச்சம் பின்னாடி போயிடும். பேனர் அடிக்கிற கடையில எதுவும் பிரின்ட் பண்ணாத பிளாக் பேக் ஃபிளெக்ஸ் கேளுங்க. பின்பக்கம் கருப்பு, முன்பக்கம் வெள்ளை. பளபளன்னு இல்லாம மங்கலா இருக்குறதாப் பார்த்து வாங்குங்க. பளபளப்பு இருந்தா நடுவுல புரொஜெக்டர் வெளிச்சம் பொட்டு மாதிரி தெரியும். நாலு பக்கமும் ஓட்டை அடிச்சு வளையம் வைக்கச் சொல்லி, கீழ்ப்பக்கத்தையும் இழுத்துக் கட்டணும். மேல மட்டும் கட்டினா லேசான காத்துக்கே பாய்மரம் மாதிரி உப்பும், படத்துல இருக்குறவங்க முகமெல்லாம் நெளியும்.

பழைய மைக்செட்:
முப்பது வருஷம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் போட்டவன் தம்பி. உங்க இரைச்சல் ஒரு இடத்துலேருந்து வருதா, ரெண்டு இடத்துலேருந்து வருதான்னு பிரிச்சுப் பார்க்கணும். எர்த் சரியானதும் இதே வரிசையில செய்ங்க.

ஆம்ப்ளிஃபயருக்கு உள்ள வர்ற வயரைக் கழட்டிட்டு வால்யூமை ஏத்துங்க. அப்பவும் இரைஞ்சா ஆம்ப்ளிஃபயர்லேயே கோளாறு. நின்னுட்டா லேப்டாப்பை மட்டும் மாட்டுங்க, சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டுங்க. அதுலயும் இரைச்சல் இல்லேன்னா புரொஜெக்டருக்குப் போற எச்டிஎம்ஐ வயரைச் சொருகுங்க. அப்ப திரும்ப வந்தா அதுக்குப் பேரு கிரவுண்ட் லூப். புரொஜெக்டர் ஒரு பாயின்ட்டுல, ஆம்ப்ளிஃபயர் வேற பாயின்ட்டுல இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல எர்த் வழியா ஒரு வளையம் உண்டாகி, மெயின்ஸ் கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் அதிர்வு இரைச்சலா உள்ள புகுந்துடும். ரெண்டையும் ஒரே போர்டுலேருந்து எடுங்க. மிச்சம் இருந்தா, ஆம்ப்ளிஃபயருக்குப் போற ஆடியோ வயருக்கு நடுவுல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு சின்னப் பெட்டி மாட்டுங்க. சில நூறு ரூபாய்தான். இரைச்சல் போகணும்னு எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் எங்க தொழில்ல இருக்கு. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

கடைசியா, அந்த தாலாட்டு ஃபைலை ஹெட்போன் மாட்டி, பேட்டரியில ஓட்டிக் கேளுங்க. அதுலயே இரைச்சல் இருந்தா ஸ்பீக்கர் மேல பழி போட்டுப் புண்ணியமில்ல.

இப்ப அம்மாவுக்குக் கேக்காத விஷயம். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். முன்வரிசை ஸ்பீக்கர்லேருந்து 10 அடி, பின்வரிசை 40 அடின்னா 12 டெசிபல் போயிடும். பின்னாடி கேக்கணும்னு ஏத்துனா முன்னாடி இருக்குறவங்க காதைப் பொத்துவாங்க, வேலிக்கு அந்தப் பக்கமும் போயிடும். ரெண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலா நாலு சின்னது வாடகைக்கு எடுங்க. ரெண்டு முன்னாடி, ரெண்டு நடுவுல, பக்கவாட்டுல. உட்கார்ந்தவங்க தலைக்குக் கொஞ்சம் மேல, உள்ளே பார்த்து லேசாக் கீழே சாய்ச்சு வைங்க. பக்கத்து வீட்டை எதுவும் பார்க்கக் கூடாது. ஒவ்வொண்ணும் மெதுவாப் பேசினாலே போதும். முன் ஸ்பீக்கர் சத்தம் பின்னாடி வந்து சேர லேட்டாகி எதிரொலிக்குமோன்னு பயப்பட வேண்டாம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், 30 அடிக்கு 27 மில்லிசெகண்ட்தான். காது அதை ஒண்ணாத்தான் எடுத்துக்கும்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி எத்தனை ஓம் (ஸ்பீக்கரோட மின்தடை அளவு) வரைக்கும் தாங்கும்னு எழுதியிருக்குன்னு பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டைப் பேரலலா மாட்டினா 4 ஓம். 4 எழுதியிருந்தா ஒரு சேனலுக்கு (இடது, வலதுல ஒரு பக்கத்துக்கு) ரெண்டு மாட்டலாம். நாலையும் ஒரே சேனல்ல மாட்டினா 2 ஓம் ஆயிடும், கொதிச்சு நின்னுடும். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு மாறாமப் பாருங்க.

செம்பருத்தி:
கோடை மழை பெஞ்ச மறுநாளா அமைஞ்சா ஈசல் வரும், மறந்துடாதீங்க. எங்க வீட்டுல புரொஜெக்டர் ஃபேன் அதை உள்ள இழுத்து, ஃபில்டர் பூரா இறக்கையா ஒட்டிக்கிச்சு. பாதிப் படத்துல சூடாகி நின்னுடுச்சு. கொல்லையோட தூரத்து மூலையில ஒரு வெள்ளை டியூப் லைட் எரிய விடுங்க, முக்கால்வாசி அங்க போயிடும். ஆளுங்க இருக்குற இடத்துல 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு மட்டும் போடுங்க, அதுக்குப் பூச்சி கம்மியா வரும்.

சீரியல் பல்பைத் திரை மேல தொங்க விடாதீங்க, முன்வரிசைக்கு மேலயும் வேண்டாம். பின்னாடி மாமரத்துல சுத்தினா அழகா இருக்கும். கிணத்தைச் சுத்தியும், பாத்ரூம் போற வழியிலயும் தரையோரமா வெளிச்சம் கட்டாயம் வேணும். வயசானவங்க இருட்டுல எழுந்து நடப்பாங்க. கிணத்துக்கு மூடி இருக்கா?

கொல்லைக்கிணறு:
அக்கா, கம்பி வலை இருக்கு. அன்னைக்கு மேல பலகையும் போட்டுடுறேன்.

நேத்து எலக்ட்ரீஷியன் வந்தார். பாயின்ட்டைக் கழட்டுனா, எர்த்துக்குன்னு மேல இருக்குற பெரிய துளைக்குப் பின்னால வயரே இல்ல. துருப்பிடிச்ச ஸ்குரூவும் எறும்புக் கூடும்தான் இருந்துச்சு. கரன்ட்கம்பி அண்ணன் சொன்ன மாதிரியே அவரும் "ஒரு லூப் போட்டுக் குடுக்கவா"ன்னு கேட்டார். வேண்டாம்னு சொல்லி தனி எர்த் வயர் இழுத்தாச்சு, ஆர்சிசிபியும் போட்டாச்சு. பக்கத்துல நின்னு அவர் டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது விழுறதைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறுச்சு. இப்ப சுர் சுத்தமா இல்ல.

அப்புறம் மைக்செட் ஐயா சொன்ன வரிசையில பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் மட்டும் இருந்தப்ப அமைதி. லேப்டாப் பேட்டரியில அமைதி. எச்டிஎம்ஐ சொருகினதும் "ம்ம்ம்". புரொஜெக்டரை நான் சமையல்கட்டுப் பாயின்ட்டுலேருந்து எடுத்திருந்தேன். ஒரே போர்டுக்கு மாத்தினேன், பாதி குறைஞ்சுது. ஐசொலேட்டர் மாட்டினேன், போட்டோ, வீடியோ எல்லாத்துக்கும் இரைச்சல் போயே போச்சு.

தாலாட்டுல மட்டும் இன்னும் இருக்கு. ஹெட்போன்லயும் கேக்குது. அதுவும் குரல் இடது காதுல மட்டும்தான் வருது. கேசட்டே கெட்டுப்போச்சா ஐயா? அது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்கு.

பழைய மைக்செட்:
கலங்காதீங்க. கேசட்லேருந்து லேப்டாப்புக்கு ஏத்துறப்ப சார்ஜர் மாட்டியிருந்துச்சா? அப்ப டேப் டெக்கும் கரன்ட்ல, லேப்டாப்பும் கரன்ட்ல. அதே கிரவுண்ட் லூப்தான், அந்த இரைச்சல் அங்கேயே ஃபைலுக்குள்ள பதிஞ்சிருக்கும். சார்ஜரைப் பிடுங்கிட்டுத் திரும்ப ஏத்திப் பாருங்க.

அதுக்கு முன்னாடி கேசட்டை ஒரு தடவை முழுசா ஃபார்வர்டு ஓட்டி, ரீவைண்ட் பண்ணுங்க. பல வருஷம் அப்படியே கிடந்தா நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். டெக்குல நாடா உரசிப் போற ஹெட்டை பஞ்சுல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சுட்டுப் போடுங்க. நாடா முறுக்கியிருந்தா நிறுத்திடுங்க, ஓட்டாதீங்க.

ஒரு காதுல மட்டும் வர்றது வயர் பிரச்சினை, மோனோ பின் வயர் மாட்டியிருப்பீங்க. எடிட் பண்ற மென்பொருள்ல மோனோவா மாத்திட்டா ரெண்டு பக்கமும் வந்துடும். இல்லேன்னா இடது பக்க ஸ்பீக்கர் ஓரமா உட்கார்ந்தவங்களுக்குத்தான் கேக்கும்.

வெள்ளைத்திரை:
ஒரு சின்ன விஷயம். போனை ப்ளூடூத்ல ஆம்ப்ளிஃபயரோட இணைச்சு வீடியோ போடாதீங்க, வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போகும். வயர்லயே இருங்க. வழக்கமான எச்டிஎம்ஐ வயர் 30 அடி வரைக்கும்தான் நம்பலாம். அதனால லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்துலயே வச்சுக்குங்க.

கரன்ட்கம்பி:
சத்தத்துக்கும் சட்டம் இருக்கு தம்பி. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. சொந்த இடத்துல வைக்கிற சவுண்ட், எல்லையில நின்னு அளந்தா அதைவிட 5க்கு மேல கூடக் கூடாது. ராத்திரி 10 மணிக்குப் பகல் கணக்கு முடிஞ்சிடும். வேலியோரம் நின்னு போன் ஆப்ல பாருங்க. துல்லியமா இருக்காது, ஆனா ஏறுதா இறங்குதான்னு தெரியும்.

கொல்லைக்கிணறு:
நல்லபடியா முடிஞ்சுது. எழுதத் தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்.

கேசட் நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. பேட்டரியில ஏத்தினேன், இரைச்சல் இல்ல. முன்னாடி கேக்காத ஒண்ணு இப்ப கேட்டுச்சு: பாட்டுக்கு அடியில தூளி ஆடுற கயிறு உத்தரத்துல உரசுற சத்தம். அது நான் படுத்திருந்த தூளின்னு அத்தை சொன்னாங்க.

ஏழு இருபதுக்கு ஆரம்பிச்சோம். நாலு ஸ்பீக்கர், பாதி வால்யூம் கூட இல்ல. வேலியோரம் 50லேருந்து 54 வரைக்கும் காட்டுச்சு. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட முந்தின நாளே போய்ச் சொல்லிட்டு வந்திருந்தேன். ஜன்னல் சாத்துற அளவுக்குக் கூட இல்லன்னு மறுநாள் சொன்னார். ஈசல் கொஞ்சம் வந்துச்சு, எல்லாம் மூலை டியூப் லைட்டுக்கே போயிடுச்சு.

தாலாட்டு போட்டப்ப திரையில படம் எதுவும் வைக்கல, சீரியல் பல்பையும் அணைச்சுட்டேன். முதல் வரியிலயே அப்பா "யார் பாடுறா"ன்னு கேட்டார். பின்வரிசையிலேருந்து அம்மா, "அத்தை குரல் தெரியலையா உங்களுக்கு"ன்னாங்க. அம்மாவுக்குக் கேட்டுடுச்சு.

ஒன்பதே முக்காலுக்கு எல்லாத்தையும் அணைச்சாச்சு. அத்தை கேசட்டைக் கேட்டு வாங்கிட்டாங்க. ஃபைலை நாலு பென்டிரைவ்ல போட்டு நாலு வீட்டுக்கும் குடுத்திருக்கேன்.