மறு: ‘பவர் டிசிப்பேஷன்’: திறன் இழப்பா, உகுதிறனா?

வணக்கம்.

ஒரு மின்கருவி எத்தனை வாட் திறனை வெப்பமாக வெளியேற்றுகிறது என்பதைக் குறிக்கும் ‘பவர் டிசிப்பேஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘திறன் இழப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 230 வோல்ட்டில் 1000 வாட் வெப்பச்சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் சுமார் 4.35 ஆம்பியர், மின்தடை 52.9 ஓம். அந்த 1000 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதற்காகத்தானே சுருளையே செய்கிறோம்? வேண்டும் என்று பெறுகிற ஒன்றை இழப்பு என்று எப்படி எழுதுவது? ‘விரயம்’ இன்னும் மோசம். ‘சிதறல்’ நல்ல சொல்தான், ஆனால் ஒளிச்சிதறல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சரி, ‘நுகர்வு’ என்று சொன்னால்? இங்கேதான் உண்மையான சிக்கல். வெறும் மின்தடையத்துக்கு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினாலும், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினாலும் ஒரே விடைதான். அதனால் ஒரு சொல்லே போதும் என்று தோன்றும். ஒரு நேர்மின் (டிசி) மோட்டாரை வைத்துப் பாருங்கள். 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்து ஓடுகிறது. சுற்றுக்கம்பியின் மின்தடை 0.8 ஓம். மோட்டார் வாங்கும் திறன் 24 × 5 = 120 வாட். கம்பியைச் சூடாக்கும் திறன் 5 × 5 × 0.8 = 20 வாட். மீதி 100 வாட்டில் பெரும்பகுதி அச்சைச் சுழற்றுகிறது. 120 வாட் நுகர்வு. 20 வாட்டுக்கு வேறு பெயர் வேண்டும். பெயர் இல்லாததால்தான் மாணவர்கள் 24-ஐ 5-ஆல் வகுத்து, மோட்டாரின் மின்தடை 4.8 ஓம் என்று எழுதிவிடுகிறார்கள். ஓடும் மோட்டார், தனக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குகிறது என்பது அந்த வகுத்தலில் காணாமல் போகிறது.

அதே மோட்டாரின் அச்சை ஓடவிடாமல் பிடித்து நிறுத்தினால் எதிர் மின்னழுத்தம் இல்லை. 24-ஐ 0.8-ஆல் வகுக்க 30 ஆம்பியர், 720 வாட். அத்தனையும் கம்பியிலேயே வெப்பமாகிறது. சிக்கிக்கொண்ட மோட்டார் ஏன் கருகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

அந்த 20 வாட்டுக்கும் 720 வாட்டுக்கும் நான் முன்வைக்கும் சொல் உகுதிறன். கண்ணீர் உகுத்தாள் என்கிறோமே, அந்த உகுத்தல். உள்ளே நிற்க முடியாமல் வெளியே சொரிவது. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. வெப்பச்சுருளுக்கும் பொருந்தும், மோட்டாருக்கும் பொருந்தும். வினைத்தொகை என்பதால் ஏவுகணை, ஓடுதளம் போல இடையில் வல்லினம் மிகாது. வினையாகவும் வளைகிறது: ‘இந்த மின்தடையம் 0.2 வாட் உகுக்கிறது’. இலங்கை வழக்கில் பவருக்கு வலு என்பவர்கள் உகுவலு என்று வைத்துக்கொள்ளலாம், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

இதற்கு ஒரு துணைச்சொல்லும் தேவை. கால் வாட், அரை வாட் என்று மின்தடையத்துக்குச் சொல்கிறோமே, அது கெடாமல் தாங்கக்கூடிய அந்த அளவுக்குத் தாங்குதிறன். இந்தச் சொல்லின் தேவையை நான் கையால் தொட்டு உணர்ந்தவன். 24 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டியிருந்தது. எல்இடிக்கு 2 வோல்ட், மீதி 22 வோல்ட், ஓட்டம் 20 மில்லி ஆம்பியர். வகுத்தால் 1100 ஓம். அந்த ஓமைக் குறிக்கும் பழுப்பு, பழுப்பு, சிவப்பு வளையம் போட்ட கால் வாட் தடையத்தைப் பற்றவைத்தேன். விளக்கு அழகாக எரிந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் தடையத்தின் வெளிர்நிற உடல் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. சிவப்பு வளையம் எது, பழுப்பு எது என்றே தெரியவில்லை. ஓம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 22 × 0.02 = 0.44 வாட் என்ற அடுத்த வரியை நான் போடவில்லை. உகுதிறன் 0.44, தாங்குதிறன் 0.25. இப்படி இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்க மாட்டேன் என்று உறுதியாக நம்புகிறேன். இப்போது அந்த இடத்தில் 1 வாட் தடையம் இருக்கிறது.

தாங்குதிறன் என்றால் பொதுவாகச் சகிப்பு என்ற பொருளும் வருமே என்று கேட்டிருந்தீர்கள். வரட்டும். மின்தடை என்ற சொல்லே ஓமையும் குறிக்கிறது, கரண்ட் போவதையும் குறிக்கிறது, படிப்பவர் குழம்புவதில்லை. மின்தேக்குத்திறன் (கெப்பாசிட்டன்ஸ்) என்பதிலும் திறன் வருகிறதே, அது வாட் இல்லையே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே வாட்டே பேச்சில் வராது, அதன் அலகான ஃபாரட்தான் வரும். அப்புறம், இதே வார்ப்பில் தாங்குமின்னழுத்தம், தாங்குமின்னோட்டம் என்று குடும்பமே கிடைக்கிறது. ஃபியூஸ் பற்றியும் மின்தேக்கி பற்றியும் எழுதும்போது அவை உடனே வேண்டியிருக்கும்.

‘ஹீட்சிங்க்’குக்கு வெப்ப உகுப்பி என்று ஒரு யோசனை இருக்கிறது. அது வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவது என்பதால் சரியாகத்தான் படுகிறது, ஆனாலும் வாயில் சற்று உருளுகிறது. கையில் சாலிடர் பிடித்து வேலை செய்கிறவர்கள் நாலு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.