ஜவ்வாது மலையில் நட்சத்திரக் கோடு: கேமரா வடக்கேயா, கிழக்கேயா?

பாலாறு_24எம்எம்:
காவலூர் பக்கம் அமாவாசை ராத்திரி ஷட்டரைத் திறந்தே வச்சு, நட்சத்திரம் நகர்ற தடத்தைக் கோடா ஃபிலிமில் எடுக்கிறவங்க கேமராவை வடக்கே பார்த்து வைங்க. துருவ நட்சத்திரத்தைச் சுத்தி வட்டம் விழாத படம் என்ன படம்? 24 எம்எம் லென்ஸ், எஃப்/2.8 துளை, அக்ரோஸ் 100 ஃபிலிம், 2 மணி நேரம். 120 நொடி வரைக்கும் அதுக்கு ரெசிப்ராசிட்டி (மங்கின வெளிச்சத்தில் நேரம் நீள நீள ஃபிலிமோட உணர்வு குறையறது) திருத்தமே வேண்டாம். ஹெச்பி5 ஃபிலிம்னா மங்கிடும்.

பல்பு_ஷட்டர்:
அண்ணே, காவலூர் அட்சரேகை 12.5 டிகிரி. துருவமும் அடிவானத்துக்கு மேல அவ்வளவுதான். நீட்டின கையில் ஒண்ணேகால் முஷ்டி உயரம். அதுக்குக் கீழே, கொஞ்சம் மேற்கே தள்ளி ஆம்பூர், வாணியம்பாடி வெளிச்சம். 2 மணி நேரத்தில் வட்டத்தோட நடுவே வெளுத்துடும்.

ரெசிப்ராசிட்டி கதையும் தலைகீழ். 50 எம்எம்மில் ஓரியன் பட்டை நட்சத்திரம் ஃபிலிம் மேல ஒரே புள்ளியில் 8 நொடி நின்னாலே அதிகம், அப்புறம் நகர்ந்துடும். எவ்வளவு நேரம் திறந்து வச்சாலும் கோடு நீளும், அதோட அழுத்தம் (எவ்வளவு பளிச்சுன்னு விழுதுங்கிறது) ஏறாது. நேரம் கூடக் கூட ஏறுறது வானத்து வெளிச்சம்தான். ஹெச்பி5 அதைத்தான் சரியா வாங்காது, நமக்கு அது லாபம். அக்ரோஸ் ஒண்ணு விடாம சேர்த்து வைக்கும்.

பாலாறு_24எம்எம்:
ஓரியனுக்குச் சரி தம்பி. துருவத்திலிருந்து 10 டிகிரி தள்ளி இருக்கிறது 24 எம்எம்மில் ஒரே புள்ளியில் ஒன்றரை நிமிஷம் நிக்குமே? அங்க ஹெச்பி5 கோட்டையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

பல்பு_ஷட்டர்:
அது நியாயம். அதனாலதான் கிழக்கேன்னு சொல்றேன். காட்டுப்பக்கம், இருட்டு. கோடு கிட்டத்தட்ட செங்குத்தா ஏறும், தெற்கே 12 டிகிரிதான் சாயும். 50 எம்எம் எஃப்/4 வைங்க. உங்க 24 எஃப்/2.8 தர்ற அதே அழுத்தம் கோட்டில் இருக்கும், வானம் மட்டும் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) இருட்டு. ஒரு மணிக்கு 15 டிகிரி, ஃபிலிமில் 13 மி.மீ. போதாதா?

ஏலகிரி_கேபிள்:
திசைச் சண்டை நடக்கட்டும். பேட்டரி ஷட்டர் கேமரா கொண்டு போகாதீங்க, பி-யில் (பல்ப், ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைக்கிற நிலை) திறந்தே இருந்தா பேட்டரியைக் குடிச்சிடும். நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 மாதிரி மெக்கானிக்கல் கேமரா போதும். கேபிள் ரிலீஸ் பூட்டுத் திருகை இறுக்குங்க. தளர்ந்தா ஷட்டர் பாதியில் மூடும். கறுப்பு அட்டையால் லென்ஸை மறைச்சு ஷட்டரைத் திறந்து, 5 நொடி கழிச்சு அட்டையை எடுங்க. முடிக்கும்போது முதலில் அட்டை, பிறகு ஷட்டர்.

பின்னிரவுப் பனி லென்ஸில் படிஞ்சா கோடு நடுவிலேயே தேஞ்சு போகும். ஹீட்டர் பட்டையைச் சுத்தி பவர் பேங்கில் மாட்டுங்க. ரோலின் முதல் ஃப்ரேம் பகல் படமா இருக்கட்டும், இல்லேன்னா லேபில் ஓரம் தெரியாம நெகட்டிவை நட்சத்திரத்தோட வெட்டிடுவாங்க. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் பக்கம் டார்ச் அடிக்காதீங்க.

பாலாறு_24எம்எம்:
சரி, கிழக்கே ஒரு ரோல். ஆனா வடக்கே 7, 8 டிகிரி உயரத்துக்கு மலை முகடு மறைக்கிற இடமா நின்னா ஆம்பூர் வெளிச்சமும் போகும், துருவமும் மறையாம தப்பிக்கும். வட்டத்தை விடமாட்டேன்.