ஊர் பப்பை வீடுகளாக்கப் போகிறார்கள், யோசனை சொல்லுங்கள்

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் சின்ன கிராமம் எங்களுடையது. ஊரின் ஒரே பப் மூடிக் கிடக்கிறது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. வாசல் கரும்பலகையில் ஞாயிறு ரோஸ்ட் (ஞாயிறு மதிய இறைச்சிச் சாப்பாடு) விலை மட்டும் இன்னும் அழியவில்லை. அதை நான்கு வீடுகளாக்க உரிமையாளர் கவுன்சிலில் விண்ணப்பித்திருக்கிறார். இதற்குத் திட்ட அனுமதி கட்டாயம் என்பதால் ஆட்சேபிக்க வழி இருக்கிறது. (நான் குடிப்பதில்லை, ஆனால் ஊர்க்காரர்களோடு பழகியதே அங்கேதான்.)

2011 உள்ளாட்சிச் சட்டப்படி (Localism Act) பப்பை ஊருக்குப் பயன்படும் சமூகச் சொத்தாகப் பதியக் கோர, வாக்காளர் பட்டியலில் உள்ள 21 உள்ளூர்க்காரர்கள் சேர்ந்த குழு போதும். ஆள் இருக்கிறது. ஆனால் அது விற்பனையைத்தான் ஆறு மாதம் தள்ளிப்போடும். அவர் விற்கவில்லையே!

"வியாபாரம் ஓடாது" என்று அவர் காட்டும் கணக்கை எப்படி மறுப்பது? இப்படி எழுதிப் பார்த்தவர்கள் இருந்தால், கடிதத்தில் எது எடுபட்டது என்று சொல்லுங்களேன். அடுத்த வெள்ளி கடைசி நாள்.