ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் போதுமா? ஏழைக் கிராமத்தில் குடிநீர், வேளாண்மைப் பணியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பன்னிரண்டு பேர் கொண்ட சிறிய தன்னார்வக் குழுவினர். மானாவாரி வேளாண்மையையே நம்பி ஏறத்தாழ 120 குடும்பங்கள் வாழும் ஒரு கிராமத்துக்காக ஓராண்டாக நிதி திரட்டி வருகிறோம். ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு பொருத்துவது, முப்பது சிறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள் வழங்குவது என்பதுதான் இப்போதைய திட்டம்.

தொடங்கும் முன் ஒரு தயக்கம் வந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிராமத்தில் நாங்கள் அமைத்துக் கொடுத்த அடிபம்பைச் சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். அதன் கைப்பிடியில் ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். பதினொரு மாதம் நன்றாகத் தண்ணீர் வந்ததாகவும், பிறகு அடிக்க அடிக்கக் காற்றுதான் வந்ததாகவும் ஒரு மூதாட்டி சொன்னார். "யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை, ஐயா" என்று அவர் சொன்னது இன்னும் மனதை உறுத்துகிறது. அந்த ஊர்ப் பெண்கள் மறுபடியும் பழைய குட்டைக்கே குடத்தோடு நடக்கிறார்கள்.

குடிநீர், வேளாண்மை இரண்டில் எதை முதலில் எடுப்பது? நாங்கள் விலகிய பிறகும் வேலை நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? ஏழைகளிடம் பராமரிப்புக்குப் பணம் வாங்குவது சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பதில் 1: கரைமேடு

வணக்கம் ஐயா. பம்பு பழுது பார்க்கும் பணியில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன பம்பு செத்துப் போனதற்குக் காரணம் அநேகமாக உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு வாஷராகத்தான் இருக்கும். உருளைக்குள் ஏறி இறங்கும் உந்துதண்டைச் சுற்றி இருக்கும் அந்த வாஷர் தேயும் பொருள். அது தேய்வது பம்பின் குற்றமன்று. அதை மாற்றத் தெரிந்தவரும், மாற்றுவதற்கான திருகுசாவிகளும், கையிருப்பில் இரண்டு வாஷரும் அந்த ஊரிலேயே இல்லாமற் போனதுதான் குற்றம்.

பம்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கருத வேண்டும். 1970களில் யூனிசெஃப் ஆதரவோடு உருவான இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பு மிக உறுதியானது. ஆனால் அதன் உருளையில் பழுது என்றால் கிணற்றுக்குள் இருக்கும் குழாய்கள் முழுவதையும் மேலே தூக்கியாக வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற குழுவும் கனமான கருவிகளும் தேவை. பின்னர் வந்த மார்க் 3, அஃப்ரிதேவ் ஆகியவற்றில் குழாய்களை அசைக்காமலே உந்துதண்டையும், ஏறிய நீர் கீழே இறங்காமல் தடுக்கும் அடிவால்வையும் மேலே எடுத்துவிடலாம். ஆகவே ஊரார் தாங்களே பழுது பார்க்க முடியும். நீர்மட்டத்தின் ஆழம் இடம் கொடுக்குமானால் இவற்றையே தேர்ந்தெடுங்கள்.

பம்பின் உடல்நிலையை அறிய எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் முதலில் வருபவர், கைப்பிடியை எத்தனையாவது முறை அடித்தபோது தண்ணீர் வந்தது என்று எண்ணி எழுத வேண்டும். நேற்றுவரை நான்காவது அடியில் வந்த தண்ணீர் இன்று பதினைந்தாவது அடியில் வருகிறதென்றால், இரவு முழுவதும் அடிவால்வு வழியே நீர் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். தண்ணீர் உடனே வந்தும் குடம் நிரம்ப வழக்கத்தைவிட அதிக அடிகள் தேவைப்பட்டால் வாஷர் தேய்ந்துவிட்டது. பம்பு நிற்பதற்கு வாரக்கணக்கில் முன்பே இந்த எண்கள் சொல்லிவிடும். நாள்தோறும் தண்ணீர் எடுப்பவர்கள் பெண்கள் என்பதால் இந்த மாற்றம் அவர்கள் கைக்குத்தான் முதலில் தெரியும். பழுது பார்க்கும் பயிற்சியை அவர்களுக்கே கொடுங்கள். குழுவில் பெயருக்கு இருவரைச் சேர்த்துவிட்டுச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பது பயன் தராது.

பதில் 2: தெளிநீர்

மேலே எழுதியவரின் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். தோண்டும் முன் இன்னும் ஒன்றை யோசிக்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீர் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது.

வங்கதேசத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் பாடம். குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு 1970களிலிருந்து அங்கே குழாய்க் கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. நிலத்தடிப் படிவுகளில் இயற்கையாகவே ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருந்தது. எவரும் அதைச் சோதிக்கவில்லை. 1993இல் அது தெரியவந்தபோது கோடிக்கணக்கான மக்கள் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, குடிக்கத் தகாதவற்றுக்குச் சிவப்பும் தகுந்தவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அந்த வண்ணத்தைப் பூசுவதற்கு முன் கழிந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர முடியவில்லை.

எனவே சோதனைக் கட்டணத்தைத் தோண்டும் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், புளோரைடுக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 50 மில்லிகிராம். இவற்றைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நீர் ஆவியாவதால் அடர்த்தி கூடவே செய்யும். கொதிக்க வைப்பது கிருமிகளுக்கு மட்டுமே மருந்து. நைட்ரேட்டை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இடும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரமும், கிணற்றை ஒட்டிய கழிப்பறைக் குழியும் எருக்குழியும் அதன் வாயில்கள். கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். குடிநீரையும் வேளாண்மையையும் இரண்டு திட்டங்களாகப் பிரித்து எழுதும்போது இந்தத் தொடர்பு எவர் கண்ணிலும் படாமல் போகிறது.

வீட்டுப் பானையையும் மறந்துவிட வேண்டாம். குழாயில் தூய்மையாக வந்த நீர், அகன்ற வாய்ப் பாத்திரத்தில் கைவிட்டு மொள்ளும்போது கெட்டுவிடுகிறது. குறுகிய வாயும் மூடியும் அடியில் குழாயும் உள்ள பாத்திரம் மிகவும் எளிய தீர்வு.

பதில் 3: சம உயர வரப்பு

வணக்கம். வேளாண்மையைப் பற்றி நான் எழுதுகிறேன். உலகில் நீர்நிலைகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்கே போகிறது. ஆகவே எதை முதலில் தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில், இரண்டுக்கும் ஒரே கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்பதே. நீங்கள் குடிநீர்க் கிணறு தோண்டிய மறு ஆண்டே பக்கத்து வயலில் ஒருவர் அதைவிட ஆழமாகத் தோண்டி மோட்டார் வைத்தால், உங்கள் பம்பு வாஷர் தேயாமலே வறண்டுவிடும்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் இதை நேராக எதிர்கொண்டது. பொபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக இருந்தபோது சரிவுகளில் தடுப்புகளும் அகழிகளும் அமைத்து மழைநீரைத் தேக்கினார்கள். அதோடு நிற்காமல், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டக் கூடாது, அதிக நீர் குடிக்கும் கரும்பும் வாழையும் பயிரிடக் கூடாது என்று ஊரே கூடி முடிவெடுத்தது. ஆண்டுதோறும் பெய்த மழையைக் கணக்கிட்டு, குடிநீருக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதற்கு ஏற்பப் பயிரைத் தீர்மானிக்கிறார்கள். தடுப்பணையைப் பார்த்துவிட்டு வந்து அதைப் போலவே கட்டியவர்கள் பலர். அந்தக் கட்டுப்பாட்டைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனவர்கள் குறைவு.

சொட்டுநீர்க் கருவிகளை முதல் ஆண்டில் கொடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். வடிகட்டியை வாரந்தோறும் கழுவாவிட்டால் துளைகள் அடைபடும். உப்பு நீராக இருந்தால் இன்னும் விரைவில் அடைபடும். மாற்றுக் குழாய் கிடைக்காத ஊரில் ஒரு பருவத்தோடு அது வேலிக்குப் போய்விடும். அதற்கு முன் மண்ணைத் தயார் செய்யுங்கள். ஓர் ஏக்கரில் பெய்யும் 10 மி.மீ. மழை என்பது ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். அது ஓடிப்போகாமல் வரப்பால் தடுத்தும், ஆவியாகாமல் சருகும் தட்டையும் கொண்டு மூடாக்கு இட்டும், மட்கிய எருவால் மண்ணைப் பொலபொலப்பாக்கியும் பிடித்து வைத்தால் அதைவிடப் பெரிய தொட்டி எதுவும் கிடையாது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் யாக்குபா சவடோகோ என்ற விவசாயி இறுகிப்போன நிலத்தில் செய்தது இதைத்தான். கோடையிலேயே சாண் அகலக் குழிகளை வரிசையாகத் தோண்டி எருவை இட்டு வைப்பார். எருவைத் தேடி வரும் கரையான்கள் மண்ணுக்குள் வழி குடையும். முதல் மழை அந்த வழியே இறங்கும். விதையும் அந்தக் குழியிலேயே முளைக்கும். 'ஸாய்' எனப்படும் இந்தப் பழைய முறையை மேம்படுத்திப் பரப்பியதற்காக 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. இந்த முறைக்கு மண்வெட்டியைத் தவிர விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குத்தகைக்கு உழுபவர் அடுத்த ஆண்டு அந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாமல் வரப்பு போட மாட்டார். நிலமே இல்லாதவருக்கு உங்கள் பாசன உதவி எதையும் தராது. அந்த முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கும்போது இவர்கள் பட்டியலில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பதில் 4: பொதுக்கிணறு

கட்டணம் பற்றி மட்டும் எழுதுகிறேன். தூய குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் அறிவித்தது. பணம் இல்லை என்பதற்காக ஒரு குடும்பத்தைப் பம்படியிலிருந்து திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. அதே நேரம், எவரும் எதுவும் தராத பொதுச்சொத்தை எவரும் காப்பதில்லை என்பதும் உண்மை. அறுவடைக் காலத்தில் தானியமாகவோ, பம்படியைச் சுற்றி வடிகால் வெட்டும் உழைப்பாகவோ பங்கு கொடுக்க வழி வையுங்கள். மாதந்தோறும் பணம் கேட்டால், பணம் வரும் மாதமும் வராத மாதமும் விவசாயிக்கு உண்டு என்பதை நாம் மறந்தவர்களாகிறோம்.

2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளத்தைப் பயன்படுத்துபவர்களே விதிகளை வகுத்து, தாங்களே கண்காணித்து, மீறுபவருக்குச் சிறிய தண்டனையிலிருந்து படிப்படியாகக் கூட்டும் இடங்களில் அது நீண்டகாலம் நிலைப்பதைப் பல நாட்டு ஆய்வுகளின் வழியே காட்டினார். ஆகவே கட்டணம் எவ்வளவு என்பதை உங்கள் குழு தீர்மானிக்கக் கூடாது. கணக்கை அனைவரும் காணும்படி சுவரில் எழுதி வைக்க மட்டும் வற்புறுத்துங்கள்.

இளவேனில்

இவ்வளவு பொறுப்போடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எங்கள் குழுவில் இதைப் படித்துக் காட்டினேன். சொட்டுநீர்க் கருவிகளுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை நீர்ச் சோதனைக்கும் பெண்களின் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கும் மாற்றுவது என்றும், மழைக்கு முன் வரப்பு வேலையைத் தொடங்குவது பற்றி ஊராரிடம் கேட்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். குத்தகை விவசாயிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் வீடு வீடாகச் சென்று கேட்கப் போகிறோம்.

அதற்கு முன் அந்தப் பழைய கிராமத்துக்குப் போகிறேன். 'கரைமேடு' அவர்களே, உருளையைத் திறக்க எந்தெந்தச் சாவிகளைக் கொண்டுபோக வேண்டும் என்று எழுத முடியுமா? அந்த மூதாட்டியிடம் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டேன்.