ஒப்பிரேசனுக்குப் பிறகு இரவிலை பினாத்துறா – அறளையோ?

கொக்குவிலான்:
அம்மம்மாவுக்கு 78 வயது. சமையல், கணக்குவழக்கு எல்லாம் தானே பார்த்தவ. இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பிரேசன் நடந்து இண்டைக்கு மூண்டாம் நாள். பகலிலை ஓரளவு கதைக்கிறா. பொழுதுபட்டால் ஆக்களை மட்டுக்கட்டுறா இல்லை, சேலைனைப் பிடுங்குறா, செத்துப்போன தமக்கையைக் கூப்பிடுறா. சொந்தக்காரர் அறளை பேந்திட்டுது எண்டினம், ஒராள் நூல் கட்டச் சொல்லுறா. துண்டு வெட்டி வீட்டை கொண்டுபோகலாமோ?

வாட்டுத்தாதி:
அறளை மூண்டு நாளிலை வராது, அது வருசக்கணக்கிலை மெல்ல மெல்ல வாறது. திடீரெண்டு வந்து, காலமை ஒரு மாதிரி, இரவு ஒரு மாதிரி ஏறி இறங்கினால் டெலிரியம். உடம்பிலை வேறை ஏதோ பிழைச்சு மூளையைக் குழப்புது. துண்டு வெட்டினால் அந்தப் பிழையும் கூடவே வீட்டை வரும்.

மார்கழியிலையிருந்து பின்பக்கமா மாதங்களைச் சொல்லச் சொல்லிப் பாருங்கோ. மார்கழி, கார்த்திகை, ஐப்பசி எண்டு ஏழு மாதம் சரியா வந்தால் கவனம் நிக்குது. இடையிலை விட்டிட்டு வேறை கதைக்குப் போனால் வாட் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. எப்ப தொடங்கினது, முந்தி எப்பிடி இருந்தவ எண்டதையும் சேர்த்துச் சொல்லவேணும். முந்தின நிலைமை வீட்டாக்களுக்குத்தான் தெரியும், கட்டில் தலைமாட்டுத் தாளிலை இராது.

மருந்துச்சாலை:
எல்லாரும் உடனை தலைக்கு ஸ்கான் எண்டு நிப்பினம். விழுந்தபோது தலை அடிபட்டிருந்தால், ஒரு பக்கம் இழுத்தால் அது தேவைதான். ஆனால் முதல் அடிவயித்தைப் பாருங்கோ. சலம் கடைசியா எப்ப போனது? சொட்டுச் சொட்டா வாறதைக் கணக்கெடுக்காதேங்கோ, சலப்பை நிரம்பி வழிஞ்சாலும் அப்பிடித்தான் வரும். வெளிக்குப் போய் எத்தினை நாள்? நோவுக்குக் குடுக்கிற ட்ரமடோல் மலத்தை இறுக்கும், தானே குழப்பத்தையும் தரும். நோவை அடக்காமல் விட்டாலும் குழப்பந்தான், அதாலை நிப்பாட்டச் சொல்லாமல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கோ. பிறகு இரத்தத்திலை சோடியம், சீனி, ஒட்சிசன் எப்பிடி, கிருமித் தொற்று இருக்கோ எண்டு பார்க்கச் சொல்லுங்கோ. வயசானவைக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும்.

வீட்டிலை எடுத்த குளிசை எல்லாத்தையும் ஒரு பையிலை போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. தடிமனுக்குப் போடுற பிரிற்றன், இரவிலை எடுக்கிற அமிற்றிப்டிலின் ரெண்டும் இந்த வயசிலை மோசம். டயசிபாம் எண்ட நித்திரைக் குளிசை கனகாலம் எடுத்தவைக்கு அது சடாரெண்டு நிண்டாலும் பிழை. ஆம்பிளையள் எண்டால் கள்ளு, சாராயத்தை மறைக்காதேங்கோ. நிப்பாட்டி 2–3 நாளிலை நடுக்கம், வேர்வை, இல்லாதது கண்ணிலை தெரியிறது எல்லாம் வரும், அதுக்கு வைத்தியமே வேறை.

கொக்குவிலான்:
நன்றி. வெளிக்குப் போய் நாலு நாளாம்! இரவிலை நித்திரைக் குளிசை கேட்கலாமோ?

வாட்டுத்தாதி:
வேண்டாம், இன்னும் குழப்பும், விழுத்தும். தனக்கு ஆபத்து எண்ட நிலை வந்தால் மட்டும் டொக்டர் ஆளை அமத்துற ஹலோபெரிடோல் மருந்து 0.5 மில்லிகிராம் போலச் சின்ன அளவு போடுவார். பார்க்கின்சன் (கைகால் நடுங்கி இறுகிற வருத்தம்) இருந்தால் அது கூடாது, முதலே சொல்லிவையுங்கோ. கையைக் கட்டினால் இன்னும் முறுகுவா.

கண்ணாடி, காது மிசின், கட்டுப்பல்லு மூண்டையும் வீட்டிலையிருந்து கொண்டுவாங்கோ. ஒவ்வொரு இரவும் புது ஆளை விடாமல் பழகின ஒராளே நிக்கட்டும். டொக்டர் விட்டால் பகலிலை கதிரையிலை இருத்துங்கோ, அடிக்கடி தண்ணி குடுங்கோ. தமக்கை செத்திட்டா எண்டு ஒவ்வொரு தரமும் திருத்தப் போகாதேங்கோ, அவவைப் பற்றியே கதை குடுங்கோ. நூல் கட்டுறதெண்டால் கட்டுங்கோ, சேலைன் ஏறுற கையிலை மட்டும் வேண்டாம்.

மருந்துச்சாலை:
ஒண்டு விட்டுப்போச்சு. கத்துறவையை எல்லாரும் கவனிப்பினம். சுவரைப் பார்த்தபடி பேசாமல் கிடக்கிறவைக்கும் இதே வருத்தந்தான், 'நல்ல அமைதியான ஆள்' எண்டு விட்டிடுவினம். அரைநித்திரையிலை கஞ்சி பருக்கினால் புரைக்கேறும், நிமித்தி இருத்தி முழிப்பு வந்தபிறகுதான் குடுக்கவேணும்.

காரணம் தீர்ந்தாலும் முழுசாத் தெளியச் சில கிழமை பிடிக்கலாம். அதுக்குள்ளை காணி உறுதியிலை கையெழுத்து வாங்கிற வேலை வைக்காதேங்கோ.